இரவில் மட்டும் செத்துப்போகும் கேமரா: கழற்றிப் பார்க்கலாமா, மொத்தமாக மாற்றிவிடலாமா?

சாரல்வீடு (செங்கோட்டை)

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையை ஒட்டி எங்கள் வீடு. நான்கு கேமரா, பதிவு செய்யும் பெட்டியாக ஒரு டிவிஆர், எல்லாம் கோஆக்சியல் கேபிளில் ஓடும் 2 மெகாபிக்சல் வகை. சாரல் பிடித்ததிலிருந்து ஒவ்வொன்றாகப் படுத்துகின்றன. கேட் கேமரா பகலில் பளிச்சென்று இருக்கும். இருட்டியதும் 'வீடியோ இல்லை' என்று வரும், கொஞ்சம் தெரியும், மறுபடி போகும். தொழுவத்துக் கேமராவில் பகலில் தென்னை ஓலையெல்லாம் ரோஸ் கலரில் தெரிகிறது. பக்கவாட்டுக் கேமராவில் ராத்திரி ஒரே வெண்புகை. திண்ணைக் கேமரா மட்டும் ஒழுங்கு. கரண்ட் போய் வந்தால் டிவிஆரில் தேதி 2000ஆம் ஆண்டுக்கு ஓடிவிடுகிறது.

போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டேன். கேபிளையோ பெட்டியையோ தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மாடலெல்லாம் போச்சு சார், ஐபிக்கு மாறிடுங்க" என்று, நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி கேமராக்களுக்குக் கொட்டேஷனை அனுப்பிவிட்டார். என்னிடம் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் இருக்கின்றன, ஓரளவு கைப்பழக்கமும் உண்டு. எங்கிருந்து தொடங்குவது? முதலில், மெனக்கெடும் அளவுக்கு இதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

ஓம்விதி (தென்காசி)

அண்ணாச்சி, கேமராவை இப்போதைக்குக் கழற்றாதீர்கள். நான்கில் ஒன்றுகூடச் செத்திருக்காது என்பது என் ஊகம்.

பகலில் ஓடி இரவில் படுக்கும் கேமரா என்றால் முதல் சந்தேகம் பவர் மேல்தான். இருட்டினால் ஐஆர் எல்இடி, அதாவது கேமராவின் அகச்சிவப்பு விளக்கு, எரியும். பகலில் 100, 150 மில்லி ஆம்பியர் இழுக்கிற கேமரா அப்போது 400 வரை இழுக்கும். உங்களுடையது 3+1 கேபிளாக (மூன்று மெல்லிய கம்பியும் ஒரு கோஆக்ஸும் சேர்ந்தது) இருக்கும், அதில் பவர் கம்பி ரொம்ப மெலிசு. 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 0.086 ஓம். கேட் 40 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 80 மீட்டர், கிட்டத்தட்ட 7 ஓம். 0.4 ஆம்பியர் ஓடும்போது 2.8 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 12 கிளம்பி 9.2 போய்ச் சேரும். கேமரா அணையும். அணைந்ததும் இழுப்பு நின்று வோல்ட் ஏறும், பூட் ஆகும், எல்இடி எரியும், திரும்ப அணையும். நீங்கள் பார்ப்பது இந்தச் சுற்றைத்தான். கேபிள் செம்பு பூசிய அலுமினியம் என்றால் இழப்பு இன்னும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம்.

அளக்கும் விதம் முக்கியம். கேமராவைக் கழற்றிவிட்டுப் பின்னில் மீட்டரை வைத்தால் 12 காட்டி ஏமாற்றும், ஏனென்றால் அப்போது கரண்ட்டே ஓடவில்லை. கேமரா மாட்டியபடியே, ஐஆர் எரியும்போது, கேமரா முனையில் அளக்க வேண்டும். இருட்டும்வரை காத்திருக்க முடியாது என்றால் முன்பக்க லைட் சென்சார் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு அளக்கலாம்.

புனலூர்க்காரன்

நானும் ஓம்விதி கட்சிதான். மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

ரோஸ் கலர்: லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் ஐஆர் கட் ஃபில்டர் என்று ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. பகலில் குறுக்கே வந்து அகச்சிவப்பைத் தடுக்கும், இரவில் விலகி வழிவிடும். அதை நகர்த்துவது ஒரு குட்டிக் காயில். ஈரத்திலும் தூசியிலும் அது பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். பச்சை இலைதான் அகச்சிவப்பை அதிகமாகத் திருப்பி அனுப்பும், அதனால் ஓலையில் நிறம் முதலில் கெடுகிறது. மெனுவில் பகல், இரவு என்று கையால் மாற்றிப் பாருங்கள். 'டிக்' சத்தம் வந்தால் காயிலுக்கு உயிர் இருக்கிறது, ஃபில்டர்தான் சிக்கியிருக்கிறது. விரலால் லேசாகத் தட்டினால் சில சமயம் விட்டுக்கொடுக்கும், ஆனால் அதை நம்ப முடியாது. ஃபில்டரோடு சேர்ந்த லென்ஸ் ஹோல்டர் எம்12 (12 மில்லிமீட்டர் மரை) லென்ஸுக்குத் தனியாகவே கிடைக்கும். போர்டில் ஸ்க்ரூ துளைகளுக்கு நடுவே 20 மில்லிமீட்டரா 22ஆ என்று அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். மாட்டியதும் ஃபோகஸ் கெட்டிருக்கும். பகலில் சரிசெய்து அப்படியே பசை வைத்துவிடாமல் இரவில் ஐஆர் வெளிச்சத்திலும் ஒருமுறை பார்த்துவிட்டு வையுங்கள்.

வெண்புகை: நூற்றுக்குத் தொண்ணூறு சிலந்தி. எல்இடிக்கு முன்னால் ஒரே ஒரு இழை கட்டினாலும் இரவில் திரை முழுக்க வெளுத்துவிடும். துடைத்தும் போகவில்லை என்றால் முன்கண்ணாடியின் உள்பக்கம் ஈரம் இருக்கிறது, அல்லது லென்ஸைச் சுற்றி இருக்கும் ஃபோம் வளையம் விலகி எல்இடி வெளிச்சம் உள்ளுக்குள்ளேயே சிதறுகிறது.

சாரல்வீடு

ஓம்விதி தம்பி, நீங்கள் சொன்னபடியே அளந்தேன். கேட் முனையில் பகலில் 11.2, டேப் ஒட்டியதும் 9 வோல்ட்டில் ஆடுகிறது. கேமராக்களுக்கு 12 வோல்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் வாயில் எப்போதும் 11.9. ஆக, பெட்டி நன்றாக இருக்கிறது, வழியில்தான் கோளாறு.

இன்னொன்றும் கண்டேன். கேட் தூணில் ஒரு ஜாயின்ட். இரண்டு கம்பியை முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றி, மழையில் நனைய விட்டிருக்கிறார்கள். பிரித்தால் பச்சையாகப் பூத்திருந்தது. பக்கத்தில் எறும்புப் புற்று வேறு.

பக்கவாட்டுக் கேமராவில் சிலந்தி வலைதான். துணியால் துடைத்ததும் வைரமாக இருக்கிறது. இதற்குத்தான் கொட்டேஷனில் ஒரு புதுக் கேமரா!

கடையம்எலக்ட்ரிக்

ஜாயின்ட்டை வெட்டி எறிந்துவிட்டு சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள். கேபிள் பாக்ஸுக்குள் கீழிருந்து மேலே ஏறிப் போக வேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். ஓட்டையை அடைக்க சிலிகான் பூசுகிறவர்கள் வினிகர் வாடை அடிக்கும் வகையை வாங்காதீர்கள். அதிலிருந்து வருவது அசெட்டிக் அமிலம், செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் வெளியே வரும் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க 'வி அட்ஜ்' என்று ஒரு திருகு இருக்கும். 13.5க்கு ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. நான் பல இடத்தில் அப்படித்தான் விட்டிருக்கிறேன்.

ஓம்விதி (தென்காசி)

> 13.5க்கு ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கேட்டுக்கு 13.5 கிளம்பினால், எஸ்எம்பிஎஸ் பக்கத்திலேயே தொங்கும் திண்ணைக் கேமராவுக்கும் அதே 13.5 போகும். எத்தனை சதவீத ஏற்றத்தாழ்வைக் கேமரா தாங்கும் என்று டேட்டா ஷீட்டில் போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் திருகக் கூடாது. அப்படியே ஏற்றினாலும் கேட்டில் இரவு பத்தரை, பத்தே முக்கால்தான் சேரும். கேட்டுக்கு மட்டும் 1 சதுர மில்லிமீட்டர் இரட்டைக் கம்பி தனியாக இழுத்தால் அதே 80 மீட்டருக்கு 1.4 ஓம், இழப்பு அரை வோல்ட் சொச்சம். வீடியோவுக்குப் பழைய கோஆக்ஸ் போதும். கேட் விளக்குக்கு 230 வோல்ட் லைன் ஏற்கெனவே போகிறது என்றால் அங்கேயே ஒரு 12 வோல்ட் அடாப்டரை வாட்டர் புரூஃப் பெட்டியில் வைப்பது இன்னும் சுலபம்.

கடையம்எலக்ட்ரிக்

சரி, டேட்டா ஷீட் பார்த்துத் திருகுங்கள் என்று மாற்றிக்கொள்கிறேன். கம்பி இழுக்க மண் தோண்டும் கூலியை யார் தருவார்கள் என்பது தனிக் கதை.

நைட்ஷிஃப்ட்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டு அணைகின்றன. எஸ்எம்பிஎஸ் உள்ளே இரண்டு கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறது. நானே மாற்றலாமா?

ஓம்விதி (தென்காசி)

மாற்றலாம், வெளியீட்டுப் பக்கத்தில் இருப்பவை என்றால். அதே மைக்ரோஃபாரட், வோல்ட் அதே அல்லது ஒரு படி மேலே, 105 டிகிரி வகை, லோ ஈஎஸ்ஆர் (உள் தடை குறைந்தது). ஆனால் உள்ளே கை வைப்பதற்கு முன் ஒன்று: 230 வோல்ட் உள்ளே போய் டிசியாக மாறியதும் 325 வோல்ட். அதைத் தேக்கி வைக்கும் 400 வோல்ட் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கடிக்கும். பிளக்கைப் பிடுங்கி, மீட்டரை டிசியில் வைத்து அதன் இரு காலிலும் அளந்து, சில வோல்ட்டுக்கு இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் தொட வேண்டும். இறங்காமல் நின்றால் 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைப் பிளையரில் பிடித்து வடியுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் வித்தையெல்லாம் வேண்டாம். இந்த அளவைக் கண்டு தயக்கம் வந்தால் புது எஸ்எம்பிஎஸ் வாங்கிவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

வாசல்கணக்கு (பாலக்காடு)

எல்லோரும் ரிப்பேர் பற்றியே பேசுகிறீர்கள். சாரல்வீடு கேட்டதில் இரண்டாவது கேள்வி அப்படியே கிடக்கிறது: மெனக்கெடும் அளவுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா? கேட் கேமரா உயிர் பெற்றுவிடும், சரி. உயிர் பெற்று என்ன காட்டப்போகிறது?

கண்காணிப்புக் கேமராவுக்கு ஐஈசி 62676-4 என்று ஒரு தரநிலை இருக்கிறது, நான் சொல்வது அதன் 2014 பதிப்பு. காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்பதுதான் அதன் கணக்கு. ஏதோ வந்தது என்று தெரிய 25. தெரிந்த ஆளா என்று கண்டுகொள்ள 125. முன்பின் தெரியாத முகத்தைச் சந்தேகமில்லாமல் அடையாளம் சொல்ல 250. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். அதை 250ஆல் வகுத்தால் 7.7 மீட்டர். காட்சியின் அகலம் அதைத் தாண்டினால் முகம் கிடைக்காது.

நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ், 100 டிகிரி சுமார் விரியும். அந்த விரிவில் 7.7 மீட்டர் அகலம் வருவது கேமராவிலிருந்து 3.2 மீட்டர் தூரத்தில். அதைத் தாண்டி நிற்கிறவர் யாரோ ஒருவர், அவ்வளவுதான்.

இதிலும் ஒரு ஓட்டை. டிவிஆர் மெனுவில் ரெக்கார்டிங் ரெசல்யூஷன் என்ன என்று பாருங்கள். '1080என்' என்றோ 'லைட்' (Lite) என்றோ இருந்தால் பதிவாவது 960க்கு 1080. அகலம் சரிபாதி. உங்கள் 3.2 மீட்டர் 1.6 ஆகிவிடும். நேரலையில் பளிச்சென்று தெரிவதைப் பார்த்து ஏமாறக் கூடாது, பதிவை ஓட்டிப் பார்க்க வேண்டும். முழு 1080க்கு மாற்றினால் பல டிவிஆர்களில் ஃபிரேம் எண்ணிக்கை 12, 15க்கு இறங்கும். வீட்டு வாசலுக்கு அது தாராளம்.

கம்பி இழுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். எட்டரை மணிக்கு மேல் வீட்டில் ஒருவரைக் கேட் வழியாகச் சாதாரண நடையில் வரச் சொல்லுங்கள். முதலில் வெறும் தலை, அப்புறம் தொப்பி, அப்புறம் குடை. கேமராவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. பைக்கில் ஹெட்லைட்டோடு ஒருமுறை. மறுநாள் பதிவை எடுத்து, நடந்தது யார் என்று தெரியாத பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டிக் கேளுங்கள்.

புளியரைவாசி

எனக்கு முகமெல்லாம் வேண்டாம் சார். தோப்பில் யானை வந்ததா இல்லையா, அது போதும்.

வாசல்கணக்கு (பாலக்காடு)

யானைக்கு 25 பிக்சல் கணக்கே தாராளம். 77 மீட்டர் அகலக் காட்சியில்கூடக் கண்டுபிடித்துவிடலாம். உங்களுக்குக் குறையப் போவது பிக்சல் இல்லை, ஐஆர் வெளிச்சம். பெட்டியில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் அதில் பாதியை நம்புங்கள், சாரல் நேரத்தில் அதுவும் இல்லை.

தோப்புக்காவல் (வடகரை)

யானை விஷயம் என்றதும் வந்துவிட்டேன். மேக்கரை பக்கம் தோப்பில் சிம் போட்ட சோலார் கேமரா வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் குறை சொல்ல முடியாது. ஆனி ஆடியில் வானம் மூடியே கிடக்கும்போது பேனல் சார்ஜ் ஏற்றுவதில்லை, விடியும் முன் பேட்டரி இறங்கிவிடும். பேனலைப் பெரிதாக்கியதும், ராத்திரி முழுக்க லைவ் பார்க்கும் பழக்கத்தை விட்டதும்தான் கை கொடுத்தது. இந்த வகைக் கேமரா பிஐஆர் சென்சாரால்தான் கண் விழிக்கும், உடம்புச் சூடு நகர்வதைத்தான் அது பார்க்கும். பத்து மீட்டருக்கு அப்பால் அதை நம்பாதீர்கள். யானை வரும் தடத்துக்குக் குறுக்கு வாட்டில் பார்க்கும்படி மாட்டுங்கள், நேர் எதிரே வருவதை பிஐஆர் தாமதமாகத்தான் பிடிக்கும். கைக்கு எட்டும் உயரத்தில் வேண்டாம். தும்பிக்கைக்கு எட்டும் உயரத்திலும் வேண்டாம்.

புனலூர்க்காரன்

சாரல் பற்றி ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்தப் பொடித் தூறல் ஐஆர் வெளிச்சத்தில் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். மோஷன் அலாரம் விடிய விடிய அடிக்கும். படம் முழுக்க அசைவதால் பிட்ரேட்டும் (நொடிக்குப் பதிவாகும் டேட்டா அளவு) ஏறி ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிரம்பும். ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் என்றால் நாளுக்கு 21.6 ஜிபி, நான்குக்கு 86. 1 டிபி டிஸ்க் 11 நாள் தாங்கும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்து தேடினால் பழையது அழிந்திருக்கும். உச்ச வரம்பை மெனுவில் கட்டி வையுங்கள்.

தேதி 2000க்கு ஓடுவதை நிறுத்த டிவிஆர் உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றினால் போதும். நெட் இருந்தால், நேரத்தை நெட்டிலிருந்தே சரிசெய்துகொள்ளும் என்டிபியையும் ஆன் செய்யுங்கள். தேதி தப்பாக இருக்கும் பதிவைப் போலீஸில் கொடுத்தால் முதல் கேள்வியே அதுதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, எலக்ட்ரானிக் பதிவோடு ஒரு சான்றும் கேட்கிறது, அதில் ஃபைலின் ஹாஷ் மதிப்பு, அதாவது ஃபைலின் கைரேகை போன்ற ஒரு எண், வரும். அதனால் கிளிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள், சுருங்கிய ஃபைலின் ஹாஷ் வேறு.

சாரல்வீடு

சோதனை செய்தேன், வாசல்கணக்கு சார். மச்சானை நடக்க விட்டேன். கேட் கேமரா 4 மீட்டர் கம்பத்து உச்சியில் இருக்கிறது. வெறும் தலையில் நெற்றியும் மூக்கும் தெரிகின்றன. தொப்பி போட்டால் தொப்பி. குடை பிடித்தால் குடை மட்டும்தான் நடந்து வருகிறது. சாரல் காலத்தில் இந்த ஊரில் குடை இல்லாமல் யார் வருவார்கள்! பைக்கில் நம்பர் பிளேட் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளை உருண்டை. டிவிஆரும் நீங்கள் சொன்ன அதே 'லைட்' முறையில்தான் இருந்தது, முழு 1080க்கு மாற்றிவிட்டேன்.

பக்கத்து வீட்டுச் சேட்டன், "இது உங்கள் அப்பாவா?" என்று கேட்டார்.

அப்படியானால் ஐபிக்குப் போவதுதான் சரியா?

வாசல்கணக்கு (பாலக்காடு)

அதே கம்பத்து உச்சியில் அதே 2.8 லென்ஸோடு ஐபி மாட்டினால் அதே குடையைத்தான் விலை கூடப் பார்ப்பீர்கள். முதலில் இடமும் லென்ஸும். கேமராவைத் தூணில் 2 மீட்டர் சுமார் உயரத்துக்கு இறக்குங்கள். 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் விரிவு 52 டிகிரி பக்கம் வரும், 7 மீட்டர் தாண்டியும் முகம் கிடைக்கும். கை எட்டும் உயரம் என்ற பயம் நியாயம்தான். அதைத் திண்ணைக் கேமரா பார்த்துக்கொள்ளட்டும். நம்பர் பிளேட்டை மறந்துவிடுங்கள், அதற்கு ஷட்டர் வேகம் கூட்டித் தனியாக ஒரு கேமரா வேண்டும்.

போர்ட்554

ஐபி பக்கம் ஒரு நல்லது சொல்லியாக வேண்டும். பிஓஇயில், அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே பவரும் போகும் முறையில், 48 வோல்ட் சுமார் போகிறது, 5 வாட் கேமராவுக்கு 0.1 ஆம்பியர்தான். 40 மீட்டர் கேட்5ஈ (Cat5e) நெட்வொர்க் கேபிளில் அரை வோல்ட்கூட இழக்காது. இங்கே நாம் பேசியதில் பாதிப் பிரச்சினை அங்கே எழாது. 100 மீட்டர் வரை போகலாம், கேபிள் அசல் செம்பாக இருக்க வேண்டும்.

கெட்டது: நெட்டில் இருப்பதெல்லாம் வெளியாளும் தட்டக்கூடிய கதவு. 2016இல் மிராய் என்ற தீநிரல் தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அக்டோபர் 21 அன்று, இணைய முகவரிகளைத் தேடித் தரும் டைன் (Dyn) நிறுவனத்தின் சர்வர்களை முடக்கியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. உங்கள் பழைய டிவிஆருக்கும் இது பொருந்தும். பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரூட்டரில் வெளியாளுக்கு வழிதிறக்கும் போர்ட் ஃபார்வர்டிங், யுபிஎன்பி இரண்டையும் அணையுங்கள். புதிதாக வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் சிசிடிவிக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம், மத்திய அரசின் சோதனை அமைப்பான எஸ்டிகியூசியின் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் கேமராவுக்கு ஒத்த டிவிஆர் தேடுகிறவர்களுக்கு: கோஆக்ஸில் படம் அனுப்பும் முறைகளான ஏஹெச்டி, டிவிஐ, சிவிஐ மூன்றும் ஒரே பிஎன்சி கனெக்டரில் வந்தாலும் வேறு வேறு மொழி. ஒத்துப்போகாவிட்டால் படம் வராது, கேமரா செத்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கடையம்எலக்ட்ரிக்

ஐப்பசி வருகிறது, இடியை யாருமே சொல்லவில்லையே. கேட்டிலிருந்து வரும் கேபிள் வழியாகத்தான் டிவிஆரின் பிஎன்சி போர்ட் சாகும். இடி முழங்கும்போது பவரை அணைத்தால் மட்டும் போதாது, கோஆக்ஸையும் கழற்ற வேண்டும், அதையும் வானம் கறுக்கும்போதே. இரும்புக் கம்பத்தில் நேரடியாக ஸ்க்ரூ போட்ட கேமராவில் படத்தின் மேல் பட்டை உருண்டால் அது கிரவுண்ட் லூப், இரண்டு இடத்து எர்த்துக்கு நடுவே கேபிள் வழியாகக் கரண்ட் ஓடுகிறது. நடுவில் பிளாஸ்டிக் பலகை வைத்து மாட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

சாரல்வீடு

நிலவரம்: கேட் கேமராவைத் தூணுக்கு இறக்கியாயிற்று. கேட் விளக்கு லைனிலேயே அடாப்டர் வைத்தேன், இரவில் முனையில் 11.9 நிற்கிறது. பட்டன் பேட்டரி மாற்றியதும் தேதி 2000க்கு ஓடுவது நின்றுவிட்டது. தொழுவத்துக்கு ஹோல்டர் ஆர்டர் போட்டிருக்கிறேன், துளை 20 மில்லிமீட்டர். கேட்டுக்கு 6 மில்லிமீட்டர் லென்ஸும் அதோடு வருகிறது. கொட்டேஷன் அனுப்பியவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

புனலூர்க்காரன்

எம்12தானே? லென்ஸ் வந்ததும் பழைய பசையைச் சூடு காட்டி இளக்கிவிட்டுத் திருகுங்கள், கட்டாயப்படுத்தினால் ஹோல்டர் மரை போய்விடும்.

சாரல்வீடு

எம்12தான். ஹேர் டிரையர் போதுமா, ஹாட் ஏர் வேண்டுமா?

புனலூர்க்காரன்

டிரையர் போதும். அந்த ஹோல்டர் பிளாஸ்டிக், ஹாட் ஏர் காட்டினால் உருகிவிடும்.